வேர் முடிச்சின் நொதியும் அதை ஆளும் மரபணுக்களும்

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பயிர்கள் நிலத்தை வளப்படுத்துகின்றன என்பது உழவர் நெடுங்காலமாகக் கண்டறிந்த உண்மை. அவ்வளம் பயிரினால் மட்டும் வருவதன்று. பயிரின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கி அவற்றினுள் வாழும் ரைசோபியம் முதலிய பாக்டீரியாக்களாலேயே வருகிறது என்பதை அறிவியல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவியது. 1886-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் முடிச்சுள்ள பயிர் காற்றின் நைட்ரஜனைப் பயன்படுத்துகிறது என்று காட்டினர். 1888-இல் ஹாலந்து நாட்டுப் பெய்ஜரிங்க் அம்முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

இவ்வறிவின் பயனாக இன்று விதையுடன் கலப்பதற்குரிய ரைசோபியம் பொட்டலங்கள் உழவருக்குக் கிடைக்கின்றன. அவற்றை வழங்குமுன் களப்பணியாளர் சில விதிகளை எடுத்துரைக்கிறார்: பயிருக்கேற்ற பொட்டலத்தையே வாங்குக, யூரியாவை மிகுதியாக இடாதீர், முடிச்சை அறுத்து அதன் உள்நிறத்தைப் பாருங்கள், புளிப்பு நிலமாயின் மாலிப்டினத்தை மறவாதீர். இவ்விதிகளை மனப்பாடமாகச் சொல்லுதல் எளிது. ஆனால், “முடிச்சு நிறைய இருக்கிறது, பயிர் மட்டும் வெளுத்திருக்கிறதே, ஏன்?” என்று உழவர் வினவுவாராயின் மனப்பாடம் உதவாது. ஒரு பருவத்து விளைச்சலும் உழவரின் நம்பிக்கையும் அவ்விடையைப் பொறுத்தன. அவ்விடை ஒரு நொதியிலும் அந்நொதியை ஆளும் மரபணுக்களிலும் உள்ளது. அவற்றைப் பற்றி மரபியல் ஆய்வுகள் கூறுவனவற்றை இங்கே முறையாகக் காண்போம்.

1. நொதியின் இயல்பு

வளிமண்டலத்தில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜனே. எனினும் பயிர் அதனை நேரே பயன்படுத்த இயலாது. நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகப் பிணைந்துள்ளன. உரத் தொழிற்சாலையில் இப்பிணைப்பைத் தளர்த்தி அம்மோனியா ஆக்குவதற்கு 400 முதல் 500 டிகிரி வரை வெப்பமும், வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்கிற்கும் மேற்பட்ட அழுத்தமும் தேவைப்படுகின்றன. மண்ணிலுள்ள சில பாக்டீரியாக்களோ அதே செயலைச் சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும் செய்து முடிக்கின்றன. அவற்றிற்கு அவ்வாற்றலைத் தருவது நைட்ரஜனேஸ் என்னும் நொதி.

இந்நொதி இரண்டு புரதங்களால் ஆனது. சிறியது இரும்புப் புரதம். பெரியது இரும்பும் மாலிப்டினமும் கொண்ட புரதம். சிறிய புரதம் எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பெரிய புரதத்திடம் சேர்க்கிறது. பெரிய புரதத்தினுள் இரும்பு, மாலிப்டினம், கந்தகம் ஆகியவை கூடிய ஒரு சிறு கொத்து உள்ளது. நைட்ரஜன் அம்மோனியாவாக மாறுவது அவ்விடத்திலேயே. 1992-இல் அமெரிக்காவில் ரீஸ் என்பவரின் குழுவினர் எக்ஸ்-கதிர் முறையால் இக்கொத்தின் அமைப்பை வெளிப்படுத்தினர். அதன் நடுவே ஒரு கரியணு அமர்ந்திருப்பது 2011-இல் உறுதியாயிற்று.

இந்நொதியின் மூன்று இயல்புகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர்க் கூறப்படும் அனைத்தும் இவற்றையே சார்ந்தவை.

முதலாவது, இது பெருஞ்செலவு வைப்பது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளாக்க, உயிரணுவின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி. மூலக்கூறுகள் குறைந்தது பதினாறு செலவாகின்றன. எட்டு எலெக்ட்ரான்கள் தேவை; அவற்றுள்ளும் இரண்டு ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில் கழிந்துவிடும்.

இரண்டாவது, இது மெதுவாக உழைப்பது. ஆகவே உயிரணு இதனைப் பெருமளவில் ஆக்கிவைக்க நேர்கிறது. நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாவின் மொத்தப் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு வரை இந்நொதியாகவே இருப்பதுண்டு.

மூன்றாவது, பிராணவாயு இதற்குப் பகை. பிரித்தெடுத்த நொதியைக் காற்றில் வைத்தால் சிறிய புரதத்தின் செயலாற்றல் ஒரு நிமிடத்திற்குள்ளாகவே பாதியாகக் குறைகிறது. பெரிய புரதம் சில நிமிடங்கள் தாங்கும். ஒருமுறை கெட்டது மீண்டும் சீர்ப்படுவதில்லை.

செலவு மிக்கதும், மெதுவானதும், காற்றுப்பட்டால் கெடுவதுமான ஒரு கருவியை எந்த உயிரும் வேண்டாத வேளையில் ஆக்கிவைக்காது. இதனை எப்போது ஆக்குவது, எப்போது நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் ஏற்பாடு இருந்தே தீரவேண்டும். அவ்வேற்பாடு மரபணுக்களில் எழுதப்பட்டுள்ளது.

2. மரபணுக்களைத் தேடியறிந்த வழி

நொதியை உயிரணுவினின்று பிரித்து ஆராய்வது நெடுநாள் கைகூடவில்லை. 1960-இல் அமெரிக்காவில் கார்னஹன் முதலியோர், காற்றின்றி வாழும் கிளாஸ்ட்ரிடியம் என்னும் மண் பாக்டீரியாவை உடைத்தெடுத்த சாற்றில் நைட்ரஜன் நிலைப்படுதலை நிலையாகக் காட்டினர். 1966-இல் மற்றொரு வசதி கிட்டியது. இந்நொதி நைட்ரஜனை மட்டுமன்றி அசெட்டிலீன் வாயுவையும் மாற்றி எதிலீன் ஆக்கும் என்பது அவ்வாண்டில் வெளியாயிற்று. எதிலீனை மிகச் சிறிய அளவிலும் கருவியால் அளக்கலாம். எனவே ஒரு பாக்டீரியாவில் இந்நொதி உழைக்கிறதா என்பதைச் சில மணி நேரத்தில் அறிந்துகொள்ளும் வழி பிறந்தது.

இதன்பின் மரபியலறிஞர் களத்தில் இறங்கினர். அவர்கள் எடுத்துக்கொண்டது கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியா. அது மண்ணிலும் நீரிலும் தனித்து வாழ்வது. பிராணவாயு இல்லாத சூழலில் நைட்ரஜனை நிலைப்படுத்துவது. குடற் பாக்டீரியாவாகிய எஷரீஷியா கோலைக்கு நெருங்கிய உறவுடையது. கோலையைக் குறித்து அன்று கைவந்திருந்த மரபியல் முறைகளை அதன் உறவினத்திலும் கையாளலாம் என்பதே இத்தேர்வுக்குக் காரணம்.

அவர்கள் கையாண்ட முறை எளியது. முதலில் பாக்டீரியாக்களில் திடீர் மாற்றங்களை உண்டாக்கினர். பின்னர், அம்மோனியா கலந்த ஊடகத்தில் செழித்து வளர்ந்து, நைட்ரஜன் கூட்டுப்பொருள் இல்லாத ஊடகத்தில் வளராது போனவற்றைத் தேர்ந்தெடுத்தனர். இவை நைட்ரஜனை நிலைப்படுத்தும் திறனை இழந்தவை. அடுத்து, இழந்த மரபணு குரோமோசோமில் எங்குள்ளது என்று தேடினர். பாக்டீரியாவைத் தாக்கும் சில வைரசுகள் ஓர் உயிரணுவின் டி.என்.ஏ. துண்டை மற்றோர் உயிரணுவிற்குச் சுமந்து செல்வதுண்டு. அருகருகே அமைந்த மரபணுக்கள் ஒரே துண்டில் சேர்ந்தே செல்லும். நைட்ரஜன் மரபணுக்கள் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை ஆக்கும் மரபணுக்களோடு சேர்ந்தே சென்றன. ஆகவே இரண்டும் அண்டையில் உள்ளவை என்பது 1971-இல் தெளிவாயிற்று. நைட்ரஜன் நிலைப்படுத்தலுக்குரிய இம்மரபணுக்களுக்கு ‘நிஃப்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று.

1972-இல் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டிக்சனும் போஸ்ட்கேட்டும் ஒரு சிறந்த சோதனையை வெளியிட்டனர். அவர்கள் கிளெப்சியெல்லாவின் நிஃப் மரபணுக்களை, இயற்கையில் நைட்ரஜனை நிலைப்படுத்தவே அறியாத எஷரீஷியா கோலைக்கு மாற்றினர். காற்றில்லாச் சூழலில் அந்தக் கோலை நைட்ரஜனை நிலைப்படுத்தியது. இத்திறன் ஒரு தொகுதியாக ஓர் உயிரிலிருந்து மற்றொன்றிற்குக் கடத்தத்தக்கது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. மரபணுக்களின் வேலைப் பங்கீடு

1988-இல் கிளெப்சியெல்லாவின் நிஃப் தொகுதி முழுவதும் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டது. ஏறத்தாழ 24,000 எழுத்திணைகள் கொண்ட அப்பகுதியில் இருபது மரபணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. நொதி இரண்டு புரதங்களால் ஆயினும் மரபணுக்கள் இருபது ஏன் என்னும் கேள்வி எழும். அவற்றின் பணிகளைத் தொகுத்து நோக்கின் விடை கிடைக்கும்.

(அ) கட்டுமான மரபணுக்கள்: நிஃப்-எச் சிறிய புரதத்தையும், நிஃப்-டி, நிஃப்-கே ஆகியவை பெரிய புரதத்தையும் ஆக்குகின்றன.

(ஆ) உலோகக் கொத்தை உருவாக்குவன: நிஃப்-பி, நிஃப்-ஈ, நிஃப்-என், நிஃப்-வி முதலியன மாலிப்டினக் கொத்தைப் படிப்படியாகச் சமைக்கின்றன. நிஃப்-யூ, நிஃப்-எஸ் இரும்பையும் கந்தகத்தையும் இணைத்துத் தருகின்றன.

(இ) எலெக்ட்ரான் வழங்குவன: நிஃப்-ஜே, நிஃப்-எஃப் ஆகியவை உணவிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெற்று நொதியிடம் சேர்க்கின்றன.

(ஈ) ஆட்சி மரபணுக்கள்: நிஃப்-ஏ மற்றவற்றை இயக்குகிறது, நிஃப்-எல் அதனைத் தடுக்கிறது.

இப்பங்கீட்டைக் கண்டறிந்த வழி ஆசிரியர்களின் கவனத்திற்கு உரியது. நிஃப்-பி மரபணுவை இழந்த பாக்டீரியாவில் பெரிய புரதம் இருக்கும். ஆயினும் வேலை செய்யாது. 1977-இல் ஷாவும் பிரில்லும், நல்ல நொதியிலிருந்து மாலிப்டினக் கொத்தைத் தனியே எடுத்து, இத்தகைய குறையுள்ள பாக்டீரியாவின் சாற்றில் சேர்த்தனர். உடனே நொதி உயிர் பெற்றது. எனவே குறை புரதத்தில் இல்லை, கொத்தில் உள்ளது என்பது தெரிந்தது. இன்னது இல்லாவிடின் என்ன நேர்கிறது, அதைத் திரும்பச் சேர்த்தால் என்ன மீள்கிறது என்று வினவுவதே மரபியலின் வழி.

நிஃப்-வி மரபணுவின் கதை இன்னும் நுட்பமானது. அதனை இழந்த வகைகள் அசெட்டிலீனை நன்கு மாற்றின; நைட்ரஜனையோ நன்கு மாற்றவில்லை. அம்மரபணு ஹோமோசிட்ரேட் என்னும் சிறு கரிம அமிலத்தை ஆக்குகிறது என்றும், அவ்வமிலம் மாலிப்டினக் கொத்தின் ஓர் உறுப்பு என்றும் பின்னர் அறியப்பட்டது. இவ்வமிலத்தின் பெயரை நினைவில் வைப்பீர்களாக. வேர் முடிச்சைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

4. மாலிப்டினம் இல்லாதபோது

மண்ணில் தனித்து வாழும் அசட்டோபாக்டர் என்னும் பாக்டீரியாவைப் பெய்ஜரிங்க் 1901-இல் விவரித்தார். 1980-இல் அமெரிக்காவில் பிஷப் முதலியோர் அதில் ஒரு வியப்பைக் கண்டனர். நிஃப் மரபணுக்கள் கெட்ட வகைகள் நைட்ரஜனை நிலைப்படுத்தாமல் இருக்கவேண்டும் அல்லவா? அவையோ, மாலிப்டினம் இல்லாத ஊடகத்தில் வைக்கப்பட்டபோது, நைட்ரஜனை நிலைப்படுத்தின! அப்படியாயின் மாலிப்டினம் வேண்டாத வேறொரு நொதி இருத்தல் வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். முதலில் ஐயுறப்பட்ட அம்முடிவு பின்னர் மெய்யாயிற்று. அசட்டோபாக்டர் வைன்லாண்டி என்னும் இனத்தில் மாலிப்டினத்தைக் கொண்டது, வனேடியத்தைக் கொண்டது, இரும்பை மட்டும் கொண்டது என மூன்று நைட்ரஜனேஸ் நொதிகள் தனித்தனி மரபணுக்களுடன் உள்ளன. வேதியியல் காணாத நொதியை மரபியல் சுட்டிக்காட்டியதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

நம் பருப்புப் பயிர்களின் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் பொதுவாக மாலிப்டின நொதியையே நம்பியுள்ளன. புளிப்பு மண்ணில் மாலிப்டினம் பயிருக்கு எட்டாத நிலையில் கட்டுண்டு கிடக்கும். அந்நிலையில் பாக்டீரியா நன்றாயிருந்தும், முடிச்சுகள் தோன்றியும், நொதி நிறைவு பெறுவதில்லை. சுண்ணாம்பு இடுவதும், சிறிதளவு மாலிப்டினம் சேர்ப்பதும் இங்குப் பயன் தருவதன் காரணம் இதுவே.

5. தூண்டலும் தடுத்தலும்

கிளெப்சியெல்லாவின் ஆட்சி முறையை முதலில் காண்போம். உயிரணுவில் தழைச்சத்துக் குறையும்போது பொதுவான ஓர் ஆட்சிப் புரதம் விழித்தெழுந்து நிஃப்-எல், நிஃப்-ஏ என்னும் இரண்டையும் இயங்கச் செய்கிறது. நிஃப்-ஏ மற்ற நிஃப் மரபணுக்களை இயக்குகிறது. ஆனால் அம்மோனியாவோ பிராணவாயுவோ மிகுந்தால் நிஃப்-எல் புரதம் நிஃப்-ஏ புரதத்தைப் பற்றிக்கொண்டு செயலறச் செய்துவிடுகிறது. இவ்வாறு இரண்டு நிலைகளில் காவல் அமைந்திருத்தலால் உணவு எளிதாகக் கிடைக்கும்போது உயிரணு வீண்செலவு செய்வதில்லை.

வேர் முடிச்சில் வாழும் ரைசோபியங்களில் ஏற்பாடு சற்று வேறுபடும். அவற்றில் முதன்மையான குறி பிராணவாயுவே. குதிரைமசாலின் பாக்டீரியாவில் ஃபிக்ஸ்-எல் என்னும் புரதம் பிராணவாயுவின் அளவை உணர்கிறது. அவ்வாயு குறைந்தவுடன் ஃபிக்ஸ்-ஜே என்னும் துணைப் புரதத்திற்குச் செய்தி தருகிறது. அதன் வழியே நிஃப்-ஏ எழுகிறது. முடிச்சின் உள்ளே காற்று அடங்கிய சூழல் அமைந்த பின்னரே நொதி ஆக்கப்படும் என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வாறாயின் யூரியா மிகுந்தபோது முடிச்சுகள் ஏன் குறைகின்றன? இங்குத் தடை செய்வது பெரும்பாலும் பாக்டீரியா அன்று, பயிரே. இதனையும் மரபியலே மெய்ப்பித்தது. 1985-இல் ஆஸ்திரேலியாவில் கரோல், மக்னீல், கிரெஷாஃப் ஆகியோர் சோயா மொச்சையில் திடீர் மாற்றங்களை உண்டாக்கி, நைட்ரேட்டு மிகுந்த நிலத்திலும் ஏராளமாக முடிச்சு விடும் செடிகளைப் பெற்றனர். பயிரின் ஒரே மரபணு கெட்டவுடன் தடை நீங்கிவிட்டது. எனவே தடை பயிரினுடையது. இம்மரபணு எதுவென்பது 2003-இல் தெரியவந்தது. ஆனால் தடையை இழந்த செடிகள் மிகுந்த முடிச்சுகளைச் சுமந்து, வேர் வளம் குன்றின. தடை ஒரு குறையன்று, சிக்கனம் என்பது இதனால் விளங்கும். இட்ட உரம் கையில் இருக்கும்போது பயிர் தன் சர்க்கரையைச் செலவழித்து முடிச்சை வளர்ப்பதில்லை.

6. பயிரும் பாக்டீரியாவும் பங்கிடும் பொறுப்பு

முடிச்சு என்பது இரண்டு உயிர்களின் மரபணுக்கள் கூடி ஆக்கும் உறுப்பு. இதனை மூன்று சான்றுகளால் காட்டலாம்.

முதற் சான்று, துணையைத் தேர்தல். அவரைக் குடும்பச் செடியின் வேர் சில பொருள்களை மண்ணில் கசியவிடுகிறது. அவற்றை உணர்ந்த பாக்டீரியாவின் ‘நாட்’ மரபணுக்கள் இயங்கி, ஒரு குறிப்பொருளை ஆக்கி வெளியிடுகின்றன. அதன் அடிப்படைக் கட்டமைப்பு பல ரைசோபியங்களிலும் ஒன்றே. அதன்மேல் சேரும் அணிகலன்களே வேறு. குதிரைமசாலின் பாக்டீரியாவில் நாட்-எச் என்னும் மரபணு ஒரு கந்தகத் தொகுதியைச் சேர்க்கும் நொதியை ஆக்குகிறது. அம்மரபணு கெட்டால் பாக்டீரியா குதிரைமசாலில் முடிச்சு உண்டாக்கும் திறனை இழக்கிறது. வெட்ச் என்னும் வேறொரு தீவனப் பயிரில் முடிச்சு உண்டாக்குகிறது. ஒரு நொதி மாறியதும் துணையே மாறிவிட்டது. கொண்டைக்கடலைக்கு உரிய பொட்டலம் நிலக்கடலைக்கு ஏன் உதவாது என்பதற்கு இதுவே விடை.

இரண்டாம் சான்று, சிவப்பு நிறம். வெட்டிய முடிச்சு உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது, நம் குருதியின் சிவப்புப் பொருளுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதத்தால். இதனை ஆக்குவது செடி. பிராணவாயுவைப் பற்றிக்கொண்டு, பாக்டீரியாவின் மூச்சுக்கு வேண்டிய அளவை மட்டும் தந்து, நொதியைக் கெடாமல் காப்பது இதன் பணி. 2005-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் லோட்டஸ் ஜப்பானிக்கஸ் என்னும் சிறு அவரையினச் செடியில் இதன் மரபணுக்களை அடக்கினர். முடிச்சுகள் தோன்றின, நைட்ரஜன் நிலைப்படவில்லை. உள்ளே வெளுத்த முடிச்சை நம்பலாகாது என்னும் களவிதிக்கு இது நேர்ச் சான்று.

மூன்றாம் சான்று, முன்னர்ச் சொன்ன ஹோமோசிட்ரேட். நொதிக்கு இன்றியமையாத இவ்வமிலத்தை ஆக்கும் நிஃப்-வி மரபணு பெரும்பாலான ரைசோபியங்களில் இல்லை. அவை எவ்வாறு நிலைப்படுத்துகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே லோட்டஸ் செடியில் விடையைக் கண்டனர். முடிச்சில் மட்டும் இயங்கும் செடியின் ஒரு மரபணு ஹோமோசிட்ரேட்டை ஆக்கிப் பாக்டீரியாவுக்கு வழங்குகிறது. நொதி பாக்டீரியாவினுடையது, அதன் இதயத்திலுள்ள ஓர் உறுப்போ செடியின் கொடை. முடிச்சுக்கு வெளியே பெரும்பாலான ரைசோபியங்கள் நைட்ரஜனை நிலைப்படுத்தாமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே, பயிரில்லா நிலத்தில் ரைசோபியத்தைத் தூவினால் தழைச்சத்துப் பெருகும் என்று எதிர்பார்த்தல் தவறு.

7. மண்ணில் இடம் பெயரும் மரபணுக்கள்

விதையோடு இட்ட பாக்டீரியா இட்டவாறே மண்ணில் நிலைக்குமா? நியூசிலாந்தில் லோட்டஸ் வகைத் தீவனப் பயிர் ஒன்று, அதற்குரிய பாக்டீரியா இயல்பாக இல்லாத நிலத்தில், ஒரே வகை பாக்டீரியாவுடன் விதைக்கப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்குப் பின் முடிச்சுகளை ஆராய்ந்தபோது பலவேறு பாக்டீரியாக்கள் காணப்பட்டன. அவை வெளியிலிருந்து வந்தவை அல்ல. மண்ணில் முன்பே வாழ்ந்த, முடிச்சு உண்டாக்க அறியாத உறவினப் பாக்டீரியாக்கள், இடப்பட்ட வகையிடமிருந்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் எழுத்திணைகள் கொண்ட ஒரு மரபணுத் தொகுதியைப் பெற்றுப் புதிய திறன் அடைந்திருந்தன. சல்லிவன், ரான்சன் முதலியோர் 1995-இலும் 1998-இலும் இதனை வெளியிட்டனர். இத்தொகுதிக்குக் ‘கூட்டுவாழ்வுத் தீவு’ என்று பெயர்.

இதன் மறுபக்கம் மேற்கு ஆஸ்திரேலியாவில் வெளிப்பட்டது. பிசெருலா என்னும் தீவனப் பயிரைப் புகுத்திய சில ஆண்டுகளுக்குள், இவ்வாறே தீவைப் பெற்ற உள்ளூர்ப் பாக்டீரியாக்கள் முடிச்சுகளில் தோன்றின. அவற்றுட் பல நைட்ரஜனை மிகக் குறைவாகவே நிலைப்படுத்தின. முடிச்சு உண்டாக்கும் மரபணுக்கள் இருத்தல் வேறு; அவற்றைப் பெற்ற உயிரணு திறம்பட உழைத்தல் வேறு. “முடிச்சு நிறைய இருக்கிறது, பயிர் வெளுத்திருக்கிறதே” என்னும் வினாவிற்குரிய விடைகளுள் இதுவும் ஒன்று. நாட்டு மண்ணில் எண்ணற்ற உள்ளூர் வகைகள் முன்பே குடியிருக்கையில், பொட்டலத்து வகை அவற்றோடு போட்டியிட்டே வேரை அடையவேண்டும். ஆதலால் அது போதிய எண்ணிக்கையில் உயிரோடு சென்று சேர்தல் இன்றியமையாதது.

8. களப்பணியாளர் கவனத்திற்கு

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் செயல்முறைகள் இவை:

(1) பொட்டலத்தின்மேல் அச்சிட்ட பயிர்ப் பெயரையும் காலாவதி நாளையும் காண்க. இந்தியாவில் 2006 முதல் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்கு உட்பட்டுள்ளன. தூள் வடிவான ரைசோபியத்தில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணுக்கள் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. வெயிலில் கிடந்த பொட்டலத்தில் இவ்வெண்ணிக்கை நிலைப்பதில்லை.

(2) ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி, காலந்தாழ்த்தாது விதைக்கச் செய்க. பூஞ்சாணக் கொல்லி இடுவதாயின் அதை முதலிலும், ரைசோபியத்தை இறுதியிலும் இடுக.

(3) தொடக்கத்தில் சிறிதளவு தழைச்சத்து இடுவது நாற்றின் வளர்ச்சிக்கு உதவும். மிகுதியாக இட்டால் பயிர் முடிச்சு விடுவதை நிறுத்தும். உழவர் பொட்டலத்திற்கும் யூரியாவிற்கும் இருமுறை பணம் கொடுத்து ஒன்றன் பயனையே பெறுவார்.

(4) பூக்கும் தருணத்தில் சில செடிகளை மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சுகளை அறுத்துப் பார்க்க. இளஞ்சிவப்பு நலம், வெளுப்பு உழையாதது, பச்சையோ பழுப்போ ஓய்ந்தது. எண்ணிக்கையை மட்டும் எழுதாது நிறத்தையும் குறிப்பேட்டில் எழுதுக.

(5) முடிச்சுகள் வெளுத்திருப்பின் உள்ளூர்த் திறனற்ற வகைகள், மாலிப்டினக் குறை, மண்ணின் புளிப்பு, நீர் தேங்குதல் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்க. பொட்டலம் போலி என்று உடனே முடிவு செய்ய வேண்டா.

9. தானியப் பயிர்களைக் குறித்து

இம்மரபணுக்களை நெல்லுக்கோ கோதுமைக்கோ கொடுத்துவிட்டால் உரமே வேண்டாவே என்னும் எண்ணம் 1972 முதலே உள்ளது. இதுவரை அது வயலில் நிறைவேறவில்லை. ஒரு மரபணுவைப் புகுத்தினாற் போதாது. கொத்தைச் சமைப்பவை, எலெக்ட்ரான் வழங்குபவை அனைத்தும் உரிய அளவில் இயங்கவேண்டும். பிராணவாயுவினின்றும் நொதியைக் காக்கவேண்டும். எனினும் வழிகள் திறந்துள்ளன. 2016-இல் ஈஸ்ட்டு உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவினுள் சிறிய புரதம் செயலாற்றலுடன் ஆக்கப்பட்டது. கடற்பாசி இனம் ஒன்றினுள் நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியா ஓர் உயிரணு உறுப்பாகவே மாறியிருப்பது 2024-இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் 2019 முதல், நிஃப்-எல் தடை நீக்கப்பட்ட மண் பாக்டீரியா மக்காச்சோளத்திற்கு விற்கப்பட்டு வருகிறது. அதன் விளைச்சற் பயன் இடத்திற்கு இடம் வேறுபடுகிறது. ஆகவே தானியப் பயிருக்கு எல்லா உரத்தையும் ஈடுசெய்யும் பாக்டீரியா என்று எவரேனும் கூறின், சோதனை வயலின் அளவுகளைக் கேட்டறிந்த பின்னரே உழவருக்கு உரைத்தல் முறை.

10. ஆசிரியர்களுக்கு

இரண்டு தொட்டிகளில் ஒரே மண்ணை இட்டு, ரைசோபியம் கலந்த தட்டைப்பயறு விதைகளை ஊன்றுக. ஒன்றில் மட்டும் யூரியாக் கரைசலை வாரந்தோறும் ஊற்றுக. ஐந்து அல்லது ஆறு வாரங்களுக்குப் பின் வேர்களைக் கழுவி, முடிச்சுகளை எண்ணி, அறுத்து நிறத்தைக் குறித்துக்கொள்ளச் செய்க. பயிரின் மரபணுத் தடையை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர்.

பின்வரும் வினாக்களை வகுப்பில் எழுப்பலாம்:

(அ) ஒரு பாக்டீரியா அம்மோனியா உள்ள ஊடகத்தில் வளர்கிறது, இல்லாததில் வளரவில்லை. அதன் சாற்றில் மாலிப்டினக் கொத்தைச் சேர்த்ததும் நொதி இயங்குகிறது. கெட்டது எவ்வகை மரபணு?

(ஆ) ஒரு வகை அசெட்டிலீனை மாற்றுகிறது. நைட்ரஜனை நன்கு மாற்றவில்லை. எந்த மரபணுவை ஐயுறுவீர்? அசெட்டிலீன் சோதனை ஒன்றையே நம்புதல் ஏன் போதாது?

(இ) நிஃப்-எல் இல்லாத பாக்டீரியா அம்மோனியா மிகுந்த இடத்திலும் நொதியை ஆக்குமாயின், மண்ணில் மற்ற பாக்டீரியாக்களோடு போட்டியிடுகையில் அதற்கு நேரும் இழப்பு யாது?

(ஈ) முடிச்சுகள் மிகுந்தும் வெளுத்த பயிருக்கு இக்கட்டுரையிலிருந்து எத்தனை காரணங்களைக் கூறலாம்? ஒவ்வொன்றையும் வயலில் எவ்வாறு சோதிப்பீர்?

இறுதி வினாவிற்கு மாணவர் காரணங்களை முறையாக எடுத்துக் கூறுவாராயின் இப்பாடம் அவருக்குக் கைவந்தது எனலாம். களப்பணியாளர் அவற்றை வயலிலேயே ஒவ்வொன்றாகச் சோதித்து உழவருக்குக் காட்டுவாராயின், அடுத்த பருவத்தில் அவ்வுழவர் எதை வாங்குவது, எதை விடுவது என்பதைத் தாமே அறிந்து செய்வார்.